ஆவிகளை எண்ணியவர்

தவம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது எனக்குக் கண் தெரியவில்லை. துக்கத்தை அலங்கரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஸ்காபரோவில் ஒரு கண் வைத்தியரின் காத்திருப்பறையில், கண்மணியை விரிக்கும் துளிமருந்தை இரண்டு கண்ணிலும் வாங்கிக்கொண்டு, ரொறன்ரோ மாநகரின் சீனிச் சக்கரவர்த்தியாகிய நான், முகமில்லாத பிரஜைகள் சூழ வீற்றிருந்தேன். காற்சட்டைப் பைக்குள் கைத்தொலைபேசி துடித்தது. எடுத்துப் பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை மூட்டம். வரி இலாகாவாக மட்டும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு காதில் வைத்தேன்.

"தம்பி மணியம்," என்றார் அண்ணையின் மனைவி சரோ அக்கா. "அவர் சப்பாத்துப் போடக் குனிஞ்சவர். நிமிரேல்லை."

"எங்க அக்கா?"

"கதவடியில. வேலைக்கு வெளிக்கிட்டவர். அம்புலன்ஸ் பொடியள் எல்லாம் செய்து பாத்திட்டினம். நீங்கள் வாங்கோ."

மருந்து விட்ட கண்ணோடு வாகனம் ஓட்டக்கூடாது. வாசலுக்கு வந்து ரக்ஸிக்குக் கைகாட்டினேன். அந்த வருடத்து முதல் பனி அன்று காலையில்தான் விழுந்திருந்தது. விரிந்த கண்மணிக்குள் அந்த வெளிச்சம் முழுவதும் இறங்கியது. தெரு இல்லை, வீடு இல்லை, மரம் இல்லை. யாரோ ஈரத்துணியால் ஊரைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தவம் அண்ணை இல்லாத ரொறன்ரோவை நான் முதலில் பார்த்தது அப்படித்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டவர்கள் துணிச்சல்காரர்கள். என் பின்வளவில் காய்த்த கத்தரிக்காயை இறக்குவதற்குப் பிறம்ரனில் நான் வேலை செய்யும் களஞ்சியத்திலிருந்து பாரந்தூக்கி வரவழைத்தேன் என்று சொல்லி, அதை நாலு பேரை நம்பவும் வைத்தவன் நான். சரோ அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "தம்பி, சோடிக்காம எழுதுங்கோ. அவருக்கு அது பிடிக்காது." உண்மைதான். நான் வாயைத் திறந்தால் தவம் அண்ணை முதலில் சொல்வது, "மணியம், பூச்சியத்தை வெட்டும்." ஆயிரம் என்றால் பத்தாக்கச் சொல்வார். பத்து என்றால், "நேரில பாத்தனீரோ?" என்று கேட்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலாநிதிப் பட்டம் பெற்ற தவநாயகம் அவர்கள் கண் ஆராய்ச்சியாளர். நீரிழிவு விழித்திரையின் இரத்தக் குழாய்களை எப்படிக் கெடுக்கிறது, அந்தக் கேட்டின்போது உயிர்க்கலங்கள் ஒன்றோடொன்று என்ன பேசிக்கொள்கின்றன என்பதே அவர் ஆயுள் முழுக்கப் படித்த பாடம். அவருக்கும் இளமையிலிருந்து அதே நீரிழிவு வருத்தம். ஊசியும் சாப்பாடும் நேரம் தவறாதவர். ஸ்காபரோவில் மணிக்கூடுகள் ஓடுவது அவரைப் பார்த்துத்தான் என்று ஒருமுறை சொன்னேன். பூச்சியத்தை வெட்டச் சொன்னார்.

முதலில் சந்தித்தது றிச்மண்ட் ஹில் கோயிலின் அன்னதான வரிசையில். பாயசக் கிண்ணத்தை மறுபடியும் நீட்டிக்கொண்டு நான் சுற்றி நின்றவர்களுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். "என்ர ரத்தத்தில அவ்வளவு சீனி. ஒன்ராறியோ நுளம்பு என்னைக் கடிச்சுப்போட்டு இன்சுலின் தேடிப் பறக்குது." எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற மெலிந்த, மூக்குக்கண்ணாடி மனிதர் மட்டும் சிரிக்கவில்லை.

"நீர் வாயால குடிக்கிறீர். உம்மட கண் அதைக் கேட்டுக்கொண்டு நிக்குது," என்றார்.

"கண்ணுக்குக் காது இருக்கோ அண்ணை?"

"இருக்கு. அதுதான் பிரச்சினையே."

அந்த ஒரு வசனத்துக்காகவே நான் அவருக்கு அடிமையானேன். பாயசத்தை மட்டும் குடித்து முடித்துவிட்டுத்தான்.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, நகர மையத்திலிருந்த தம் ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். நுணுக்குக்காட்டியில் ஒரு கண்ணாடித்தகட்டை வைத்தார். வைப்பதற்கு முன் தகட்டின் மூலையிலிருந்த குறிப்பைக் கடதாசி நாடாவால் மூடி ஒட்டினார்.

"ஏன் மூடுறியள்?"

"இது சீனி வருத்தக்காரன்ர கண்ணோ, சுகமானவன்ர கண்ணோ எண்டு தெரிஞ்சா, நான் தேடுறதை நான் கண்டுபிடிச்சுப்போடுவன். தெரியாமப் பாத்தாத்தான் உள்ளதைப் பாப்பன்." பிறகு மெதுவாக, "ஆரோ ஒரு மனிசன் செத்தாப்பிறகு தந்த கண். சத்தம் போடாதையும்," என்றார்.

குனிந்து பார்த்தேன். இளஞ்சிவப்பு நூலால் பின்னிய மீன்வலை போல ஒன்று. நூலெல்லாம் இரத்தக் குழாய்கள். அவற்றின் ஓரங்களில் கறுத்த பொட்டுகள்.

"அந்தப் பொட்டுகளில ஒரு சாதி, குழாயை வெளியில நிண்டு கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கும். அதுகள் பிடிச்சிருக்கிற வரைக்கும் குழாய் தன்ர அளவில நிக்கும். சீனி கூடினா கலத்துக்குள்ள பிழையான சமிக்ஞை ஓடும். 'போதும், செத்துப்போ' எண்டு. முதல் சாகிறது இந்தக் கட்டிப்பிடிக்கிறவைதான். பிறகு குழாய் அங்கங்க ஊதும், கசியும்." பேசியபடியே தகட்டை ஒரு மயிரிழை நகர்த்தினார். "இப்ப பாரும். சுவரில ஒரு வெறும் பை தெரியுதோ?"

"ஓம். உள்ளுக்கு ஒண்டுமில்லை."

"அதில ஒரு கலம் இருந்தது. செத்தாலும் அந்த இடம் மூடாது. ஆள் இல்லை, ஆள் இருந்த அளவு மட்டும் இருக்கு. இதுக்கு எங்கட தொழிலில பேர் ஆவி."

"பகிடி விடுறியள்."

"இல்லை. பேரே அதுதான். இஞ்ச நான் ஆவி எண்ணித்தான் சம்பளம் எடுக்கிறன்."

அடுத்த வாரமே ஸ்காபரோ முழுவதும் தவநாயகம் என்ற மாபெரும் மந்திரவாதியின் புகழைப் பரப்பினேன். யூனியன்வில்லிலிருந்து ஓர் அன்ரி நூல் கட்டுவிக்கவே போய்விட்டார். தவம் அண்ணை அவருக்கு நூல் கட்டவில்லை, கண் பரிசோதனைக்கு நாள் எடுத்துக் கொடுத்தார். அந்த அன்ரிக்கு இன்றும் கண் தெரிகிறது. அவர் மந்திரத்தால்தான் என்று நம்புகிறார்.

அந்தச் சனிக்கிழமையே மிச்சக் கதையையும் சொல்லியிருந்தார். குழாய்கள் அடைபட்டால் விழித்திரையின் ஓரங்களுக்கு இரத்தம் போவதில்லை. மூச்சுத் திணறும் கலங்கள் ஒரு சமிக்ஞையை வெளியே அனுப்பும். இரத்தம் அனுப்புங்கள் என்ற ஒரே செய்திதான். அதைக் கேட்டுப் புதிய குழாய்கள் அவசர அவசரமாக முளைக்கும். அவசரத்தில் வந்த குழாய்களுக்குச் சுவர் பலமில்லை, கட்டிப்பிடிக்க ஆளில்லை. ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் நிறையும்.

"அப்ப, காப்பாத்த வந்ததே கொல்லுது," என்றேன்.

"கத்தினவையைப் பிழை சொல்லாதையும் மணியம். மூச்சு இல்லாட்டிக் கத்தும்தானே? கத்த முதல் ஆரும் போய்ப் பாக்கேல்லை. அதுதான் பிழை." கட்டிப்பிடிக்கும் கலங்களைச் சாகாமல் வைத்திருக்க வழி தேடுவதுதான் அவருடைய வேலை. "நான் கத்த முதல் போக நிக்கிறன்," என்பார்.

இன்னொரு நாள் தம் வீட்டு நிலவறைக் குளியலறைக்குள் என்னைத் தள்ளி விளக்கை அணைத்தார். "வெளியில சனம் என்ன நினைக்கும் அண்ணை?" என்றேன். "வாயை மூடும், கண்ணைத் திறவும்," என்று ஒரு சின்ன டோர்ச்சை என் கடைக்கண்ணருகே பிடித்து ஆட்டினார். திடீரென்று என் முன்னால் இலையில்லாத பெரிய மரமொன்று எழுந்தது. கிளை, கிளைக்குள் கிளை, நுனிக்குள் நுனி. நான் கத்தியே விட்டேன்.

"பயப்பிடாதையும். உம்மட கண்ணுக்குள்ள இருக்கிற ரத்தக் குழாய்களின்ர நிழல். பிறந்த நாளிலயிருந்து உமக்கு முன்னால நிக்குது."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் தெரியேல்லை?"

"அசையாம நிக்கிறதை மூளை அழிச்சுப்போடும். வெளிச்சத்தை ஆட்டினாத்தான் தெரியும்." டோர்ச்சை நிறுத்தினார். மரம் கரைந்து போனது. ஆட்டினார், வந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரி, "இன்னொருக்கா," என்று கேட்டேன்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தோம், ஊரில் யுத்தம் முடிகிற அந்த வருடம் வரும்வரை.

தவம் அண்ணைக்கு ஒரே தங்கை, பவளம். அண்ணை நாட்டை விட்டு வந்தபோது பவளம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பிறகு வன்னியில் கலியாணம் செய்து அங்கேயே இருந்தார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படங்களெல்லாம் தொலைந்தன. இங்கே அவர் குரல் மட்டும் தொலைபேசியில் வரும். அந்த வருடத்து மாரிகாலத்தின் நடுவில் குரலும் நின்றது. சரோ அக்கா தம் மச்சாளை நேரில் பார்த்ததேயில்லை. ஆகவே பவளத்தின் முகம் கனடாவில் ஒரேயோர் இடத்தில்தான் இருந்தது, தவம் அண்ணையின் தலைக்குள்.

அந்த வசந்தத்தில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் நகர மையத்துத் தெருக்களில் நின்றது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மதியத்தில் இறங்கி வந்து அவரும் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பார். கத்தமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் கத்தினேன். என் தொண்டைக்கு ஒட்டாவாவில் பாராளுமன்றத்துக் கண்ணாடிகள் நொறுங்கும் என்று முன்பெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். அந்த நாட்களில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் சாப்பாடு தவறியது, ஊசி நேரம் தவறியது. மணிக்கூடு நின்றுபோயிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள், நல்ல வெயில். பக்கத்தில் நின்ற தவம் அண்ணை திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"மணியம், எங்கயோ எரியுது."

"எங்க அண்ணை?"

"அங்க, அந்தக் கட்டடத்துக்கு மேல. கறுத்தப் புகை எழும்புது. பாரும், சுருண்டு சுருண்டு."

புறங்கையை நெற்றியில் ஒட்டி, உள்ளங்கையை வெளியே காட்டி, யாருக்கோ நில் என்று சொல்கிறவர் போல நின்று வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நீல வானம். ஒரு முகில்கூட இல்லை.

"அண்ணை, அங்க ஒண்டுமில்லை."

இடப்புறம் திரும்பினார். புகையும் அவரோடு திரும்பியிருக்க வேண்டும். வலக்கண்ணைப் பொத்தினார், எடுத்தார், பொத்தினார். முகம் வெளிறிவிட்டது. எத்தனையோ மருத்துவ மாணவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்த பாடம் அது. கண்ணுக்குள் இரத்தம் உடைந்தால் நோயாளி முதலில் காண்பது புகைதான். உலகத்தில் அதை அறியாமல் இருக்க முடியாத ஒரு மனிதர், அந்த வாரத்தில் அதைப் புகை என்றே நம்பினார். எங்கேயோ எரிந்துகொண்டிருந்ததும் பொய்யில்லையே.

வலக்கண் இரத்தத்தால் மூடிவிட்டது. இடக்கண்ணின் ஓரங்களிலும் அவசரக் குழாய்கள் முளைத்திருந்தன, நடுவிலும் வீக்கம். அதனால் ஆட்களின் உருவம் தெரியும், முகம் தெரியாது. கண் வைத்தியர் திரையில் போட்ட படத்தைத் தவம் அண்ணை மூக்கு முட்டக் கிட்ட நின்று, அதன் ஓரங்களைக் கடைக்கண்ணால் தடவித் தடவிப் பார்த்தார், வேறு யாருடைய கண்ணையோ பார்ப்பது போல.

"இந்த ஆளுக்குச் சுணங்காமல் லேசர் செய்ய வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில்.

"ஆம். எப்போது வருகிறீர்கள்?"

"இந்த ஆள் இப்போது வரமாட்டார்."

திரும்பும் வழியில் என் வான் வண்டிக்குள் நான் அவரோடு சண்டை பிடித்தேன். "நீங்கள் என்ன படிச்ச மனிசன்? மற்றக் கண்ணும் போகவோ?"

"லேசர் அடிச்சா நடுவில இருக்கிற வீக்கம் கொஞ்ச நாளைக்குக் கூடும். இப்ப தெரியிற கொஞ்சமும் போகும். இப்பதானே ஊர்ச் சனத்தின்ர படங்கள் வருது? அதுக்குள்ள பவளமும் இருந்தா?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "லேசர் என்ன செய்யிறதெண்டு தெரியுமோ? மூச்சில்லாமக் கத்துற ஓரங்களைச் சுடுறது. சுட்டா அதுகள் கத்தாது. கத்தாட்டி நடு தப்பும். நல்ல வைத்தியம், நானே எழுதியிருக்கிறன். ஆனா இந்தக் கிழமை அதுக்கு முன்னால போய் இருக்க என்னால ஏலாது."

நான் வானொலியைப் போட்டேன். செய்தி வந்தது. அணைத்தேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று உலகம் அறிவித்த பிறகு, தப்பிவந்த சனத்தை அடைத்த முகாம்களின் படங்களும் இணையத்தில் வரத் தொடங்கின. முட்கம்பி, கூடாரம், தண்ணீர் வரிசை. தவம் அண்ணை கொம்பியூட்டர் திரையில் நெற்றி முட்டப் பார்த்தும் ஒரு முகமும் பிடிபடவில்லை. சரோ அக்கா பார்த்தால் ஒவ்வொரு படத்திலும், "இந்தா, மச்சாள்!" என்று அழுதார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"நீர் பாத்துச் சொல்லும்," என்றார். "என்ன தெரியுதோ அது மட்டும். வடிவு, பாவம், கவலை எண்ட சொல்லொண்டும் வேண்டாம்."

"அண்ணை, உலகத்தில இருக்கிற இவ்வளவு சனத்தில இந்த வேலைக்கு நானோ? நான் ஊதுகுழல் எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"உமக்குப் பவளத்தைத் தெரியாது. அது போதும்."

சமையலறை மேசையில் பின்னேரங்களில் இருந்தோம். முதல் படத்தில், "ஆயிரக்கணக்கில சனம்..." என்று தொடங்கினேன். "பூச்சியத்தை வெட்டும்," என்றார். எண்ணிச் சொன்னேன். அடுத்தது. "ஒரு பொம்பிளை. நடக்கிறா. இடுப்பில பிள்ளை. பிள்ளைக்கு ஒரு காலில செருப்பு இல்லை." அடுத்தது. "ஒரு வயசான மனிசி. நிலத்தில இருக்கிறா. மடியில ஒரு சட்டி. சட்டிக்குள்ள ஒண்டுமில்லை." அடுத்தது.

"அண்ணை, தங்கச்சிக்கு என்ன அடையாளமெண்டு சொன்னா நான் சுறுக்கெண்டு தேடுவன்."

"சொன்னா நீர் கண்டுபிடிச்சுப்போடுவீர்."

"அதுக்குத்தானே இருக்கிறம்?"

"இல்லாட்டியும் கண்டுபிடிச்சுப்போடுவீர், மணியம். எங்களில அன்பில."

சரோ அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அந்த அடையாளத்தை அண்ணை சொல்லியிருக்கவில்லை, அதே காரணத்துக்காக.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சோடனையில்லாமல் பார்க்கப் பழகினேன். அது கொடிய பழக்கம். ஒன்றைப் பெருப்பித்துச் சொன்னால் அது உங்களை விட்டுப் போய்விடும், கதையாகிவிடும். உள்ளபடி பார்த்தது போகாது. பிறம்ரனுக்கு வேலைக்குப் போகும்போது சிவப்பு விளக்கில் அந்த மனிசி வெறும் சட்டியோடு என் முன்னால் இருந்தார். பச்சை விழுந்து பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தாலும் எழும்பமாட்டார்.

சரோ அக்கா பின்னேர வேலைக்குப் போன கிழமையில் ஒரு நாள், தண்ணீர் வரிசைப் படமொன்று. "ஒரு தண்ணி பவுசர். பின்னால வரிசை. கிட்ட நிக்கிற பொம்பிளை ஆம்பிளையளின்ர சேட்டொண்டு போட்டிருக்கிறா. தலைமயிர் கட்டையா வெட்டியிருக்கு. இடக்கையில மஞ்சள் தண்ணிக் கான். வலக்கையை வெயிலுக்கு நெத்தியில வைச்சிருக்கிறா. புறங்கை நெத்தியில, உள்ளங்கை வெளியில. பவுசரைப் பாக்கேல்லை, ஆரோ வாற பக்கம் பாக்கிறா."

அவர் 'அடுத்தது' என்று சொல்ல நேரமெடுத்தது. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்டது.

"அடுத்தது," என்றார்.

மறுநாள் அவர் கேட்டது விசித்திரமாக இருந்தது. "நேற்றையான் படங்களைக் கடைசியிலயிருந்து சொல்லும். நேற்றுச் சொன்னதை நினைச்சுப் பாராதையும்." ஆய்வுகூடத்து வழக்கம் அது. ஒரே தகட்டை வரிசை மாற்றி இரண்டாம் தடவை எண்ணுவார், முதல் எண்ணிக்கை உண்மைதானா என்று பார்க்க. சொன்னேன். அந்தப் பெண் வந்தார். சேட், மயிர், கான், கை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மணியம்," என்றார். "நாளைக்கு உம்மட வான் இருக்கோ?"

"எங்க போக?"

"லேசருக்கு."

"அண்ணை! அப்ப கண்டிட்டியளோ?"

"நான் எங்க காண்றது? கண்டது நீர்."

"அப்ப அவதானோ?"

"ஒரு அடையாளம் சாட்சியில்லை," என்றார். ஆனால் அவர் கை மேசையில் தேநீர்க் கோப்பையைத் தேடித் தட்டித் தட்டி அலைந்தது.

லேசர் அறைக்குள் நானும் இருந்தேன். மோவாயைத் தாங்கியில் வைத்து அவர் அசையாமல் இருந்தார். ஒவ்வொரு பச்சை மின்னலுக்கும் ஏதோ முணுமுணுத்தார். வலிக்கிறதா என்று வைத்தியர் கேட்டார். இல்லை என்றார். கிட்டப் போய்க் கேட்டேன். "சரி... சரி..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். அழுகிற குழந்தையின் முதுகைத் தட்டுகிறவர்கள் சொல்வார்களே, அதே மாதிரி.

கோடை முடியும்போது இடக்கண்ணின் வீக்கம் வற்றியது. ஒரு நாள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மணியம், உமக்கு மூக்குக்குள்ள மயிர் வளந்திருக்கு," என்றார். சரோ அக்காவும் நானும் அன்று கொண்டாடிய கொண்டாட்டத்தில் ரொறன்ரோ அதிர்ந்தது. வேண்டாம், வெட்டிவிடுகிறேன். சமையலறை அதிர்ந்தது.

உடனே கொம்பியூட்டரில் அந்தத் தண்ணீர் வரிசைப் படத்தை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் பார்க்கவில்லை. கொம்பியூட்டரின் மூடியைக் கையால் சாத்தினார்.

"என்னண்ணை? தரவைப் பாராத விஞ்ஞானியோ நீங்கள்?"

"படத்தைப் பாத்தா, இல்லையெண்டும் தெரிஞ்சுபோடும்," என்றார். "நான் இந்தக் கண்ணின்ர நடுவைச் சேமிச்சு வைச்சிருக்கிறன், மணியம். நேர பாக்கிறதுக்கு."

முகாமுக்குள் போய்வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். அந்தப் பெயரில் ஒருவரும் அகப்படவில்லை. முகாம் கதவு திறந்ததும் தானே போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பனி விழுந்த காலையில் சப்பாத்துப் போடக் குனிந்தார்.

இறுதிக் கிரியைகள் முடிந்து, இந்த மலரின் அட்டைக்குப் படம் தேர்ந்தெடுப்பதற்காகச் சரோ அக்கா பழைய அல்பங்களை மேசையில் பரப்பியிருந்தார். ஒன்றை எடுத்தேன். ஏரிக்கரை, வெயில், இளைஞரான தவம் அண்ணை. புறங்கை நெற்றியில், உள்ளங்கை வெளியில்.

 மே மாதத்து நீல வானத்தின் கீழ் அவர் இல்லாத புகையைப் பார்த்து நின்றது நினைவுக்கு வந்தது. அந்தக் கையை அன்று என் கண்ணாலேயே கண்டேன். பிறகு அதே கையை அந்தப் பெண்ணின் நெற்றியில் கண்டு என் வாயாலேயே இரண்டு தரம் சொன்னேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. வாய் வேலை செய்யும்போது என் மூளைக்கு லீவு.

"அக்கா, இதென்ன கை?"

"அவர் வெயிலுக்கு அப்பிடித்தான். ரபிக் பொலிஸ் மாதிரி எண்டு நான் பகிடி பண்ணுவன். தங்கட வீட்டில எல்லாரும் அப்பிடியாம். அவற்ர அப்பா, அவர், பவளம்..." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

நான் சொன்னேன். இருவரும் கொம்பியூட்டரைத் திறந்து தேடினோம். அந்தப் படம் இருந்த பக்கம் இப்போது இல்லை. அந்தப் பெண்ணின் முகமும் இனி ஒரேயோர் இடத்தில்தான் இருக்கிறது, அண்டப்புளுகன் மணியத்தின் தலைக்குள்.

சரோ அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்தார். "தம்பி, அவதான் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நான் நம்புவன்."

எத்தனை கத்தரிக்காய்களை யானையளவு ஆக்கியவன் நான். இந்த ஒரேயொரு சொல்லுக்கு எனக்கு மூச்சுக்கூடச் செலவில்லை. வாயைத் திறந்தேன். மேசைக்கு அந்தப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அவர் சாய்ந்து சாய்ந்து பதிந்த முதுகின் பள்ளம் மெத்தையில் அப்படியே இருந்தது.

"எனக்குத் தெரியாது அக்கா," என்றேன். "கை அப்பிடி இருந்தது. நான் கண்டது அவ்வளவுதான்."

அவர் என் கைகளை விடவில்லை. நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த மலர் ஊர் ஊராகப் போகும். எங்கேயோ, கட்டை மயிரும் மஞ்சள் கானுமாக வெயிலில் நின்ற அம்மா, உங்கள் கைக்கும் இது வரக்கூடும். நீங்கள் பவளம்தான் என்று நான் எழுதமாட்டேன். நீங்கள் யாராக இருந்தாலும், நீங்கள் நின்ற நிலையை ஒரு மனிதர் என் வாயால் கேட்டார். கேட்டு, தம் கண்ணின் ஓரத்தைச் சுடக் கொடுத்து நடுவைக் காப்பாற்றி வைத்தார். ஒருவேளை உங்களைப் பார்ப்பதற்காக.

அன்று பாதியில் விட்ட பரிசோதனைக்குப் போன வாரம் மறுபடி போனேன். போகாவிட்டால் அவர் ஏசுவார். இருட்டறையில் வைத்தியர் என் கண்ணுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி மெல்ல ஆட்டினார். அந்த மரம் எழுந்தது. இலையில்லை, ஒரு கிளையும் குறையவில்லை. அண்ணையின் நிலவறைக் குளியலறையில் நின்ற அதே மரம். வைத்தியர் வெளிச்சத்தை ஓரிடத்தில் நிறுத்தினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நுனியிலிருந்து கரையத் தொடங்கியது.

போய் வாருங்கள் அண்ணை. நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள். இனி ஆட்ட வேண்டியது நாங்கள்தான்.

"டொக்டர்," என்றேன், "இன்னொருக்கா."